ஒரு கண்ணுக்கு மட்டும் மஸ்காரா

எங்கள் லேடீஸ் பெட்டியில் யாரும் வீட்டிலிருந்து அலங்காரம் செய்துகொண்டு வருவதில்லை. வந்தாலும் பயனில்லை. எண்ணூர்க்காரிகள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் முகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிடும். திருவொற்றியூர்க்காரியான எனக்கு லாரிப் புழுதி, அதைவிடப் பெரிய தொல்லையாக என் அம்மா. பவுடர் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் போதும், "வேலைக்குப் போறியா, கூத்து கட்டப் போறியா?" என்று வாசல்வரை வந்து கேட்பாள். ஆகவே கழுவிய முகத்தோடு சாதுவாக ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் வேறு ஒருத்தியாக இறங்குவேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. பாரிமுனையில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் போன் எடுக்கிற வேலை எனக்கு. போனில் என் முகம் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம் என்று முழு அலங்காரத்தோடுதான் ரிசீவரைத் தூக்குவேன். முகம் பளிச்சென்று இருந்தால் குரலும் பளிச்சென்று வரும் என்று அப்போது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

வண்டி கிளம்பியதும் பவுடர் டப்பாக்கள் திறக்கும். ஸ்டிக்கர் பொட்டை ஓடும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், கோணலானால் பிய்த்து மறுபடி ஒட்டலாம். மஸ்காராவுக்கு மட்டும் வண்டி நின்றாக வேண்டும். அதற்கென்றே கொருக்குப்பேட்டையைத் தாண்டியதும் ஒரு சிக்னல் இருந்தது. ஹார்பர் பக்கம் போகிற கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டு எங்கள் வண்டி தினமும் அங்கே நின்றுவிடும். பக்கத்துப் பெட்டி ஆண்கள் வாட்சைப் பார்த்துப் பார்த்து ரயில்வேயைத் திட்டுவார்கள். நாங்களோ சந்தோஷமாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். வாயைத் திறக்காமல் மஸ்காரா போட்டுக்கொள்ள எங்களில் ஒருத்தியாலும் முடிந்ததில்லை. கண்ணுக்கும் வாய்க்கும் அப்படி என்ன சம்பந்தமோ!

பெட்டிக்கே ஒரு மஸ்காராதான். பர்மா பஜாரில் நான் வாங்கியது. அட்டையில் இருந்தது எந்த நாட்டு எழுத்தென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஆனால் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: "தண்ணி பட்டாலும் போவாது தங்கச்சி. கடல்ல குதிச்சுப் பாரு!" நான் கடலில் குதிக்கவில்லை, தலைக்குக் குளித்துப் பார்த்தேன். போகவில்லை. அன்றிலிருந்து பெட்டியில் எனக்குத் தனி மரியாதை. அந்த ஒரே பிரஷ் எல்லார் கண்ணையும் தொட்டது. இன்று என் மகள் அப்படிச் செய்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவேன். அன்று ஒருத்திக்கும் ஒரு கண்கட்டிகூட வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒரு சித்தாந்தமே இருந்தது. கண்ணுக்குக் கீழே மை இழுத்தால் வயது ஏறும், மேல் இமை முடியை மட்டும் தூக்கிவிட்டால் வயது இறங்கும். எங்கள் பெட்டியில் இருந்த கண்களை எல்லாம் பார்த்து நானாகக் கண்டுபிடித்தது இது. பிரஷ்ஷில் அப்பியிருக்கும் மையை டியூபின் வாயிலேயே வழித்துவிட வேண்டும். கீழே பார்க்கச் சொல்லி, முடியின் அடியில் பிரஷ்ஷை வைத்து, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டி, அப்படியே மேலே இழுக்க வேண்டும். காய்கிறவரை இமைக்கக் கூடாது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து அழுது வடிந்த முகம்கூட அதற்குப் பிறகு இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஆகிவிடும்.

இதை எல்லாம் வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் எண்ணூரில் ஏறும் ஓர் அக்கா. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். எங்களுக்கெல்லாம் பையை வைத்து இடம் பிடித்துத் தருவாள். அப்பா இல்லாத வீட்டில் தம்பிகள் இரண்டு பேரைப் படிக்கவைத்து ஆளாக்கி நிமிர்ந்து பார்த்தபோது முப்பத்தைந்து வயதாகிவிட்டிருந்தது. "எனுக்கு எதுக்குடி இதெல்லாம்? என் கண்ண யாரு பாக்கப் போறா?" என்பாள்.

அந்த அக்கா ஒருநாள் சிக்னலில் என் பக்கம் குனிந்து, "வெள்ளிக்கிழம எனுக்கும் போட்டு வுடுறியா?" என்று கேட்டாள்.

பெட்டியே அவள்மேல் விழுந்தது. உண்மையைக் கறக்காமல் யார் விடுவது? ஆபீஸுக்குக் கீழே பேப்பர் கடையில் கணக்கெழுதும் ஓர் ஆள், எம்.கே.பி. நகரில் வீடு. இரண்டு வருடமாக மாடிப்படியில் ஒதுங்கி வழிவிட்டு வழிவிட்டே காதலாகிவிட்டதாம். அவருக்கு வயது முப்பத்தொன்று, இவளைவிட நாலு வயது சின்னவர். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவருடைய அம்மாவுக்குப் பொருட்டு. அதற்கும் மேலே, மாதவரத்தில் ஓர் அத்தை, அவர் அப்பாவின் அக்கா, இருந்தார். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அத்தை தலையாட்டாமல் ஒரு பாத்திரம்கூட வாங்க மாட்டார்களாம். ஆகவே மனிதர், "பொண்ணுக்கு முப்பது" என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அம்மாவும் அத்தையும் வருகிறார்கள். பீச் ஸ்டேஷனில் சந்தித்து, அங்கிருந்து பாரிமுனைக் கோயிலுக்குப் போய் அங்கே வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்கள் கண்ணுக்கு முப்பதாகத் தெரிந்தால் தை மாதம் கல்யாணம். தெரியாவிட்டால் ஒன்றும் இல்லை.

"அஞ்சு வயசு தானேக்கா? கடாசிட்லாம்!" என்றேன். டாக்டர்கூட அவ்வளவு தைரியமாகப் பேசமாட்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் வந்தாள். சாம்பல் படாமல் இருக்கப் புடவைக்கு மேலே ஒரு பெரிய குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கல்யாணப் பெண்ணும் குளிக்கப் போகிறவளும் கலந்த கோலத்தில் நின்றாள். அதைப் பார்த்தே பாதிப் பேர் சிரித்துச் சரிந்துவிட்டார்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து, பூவைச் சரிசெய்து, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி அவளைப் பேஜார் பண்ணினோம். கொருக்குப்பேட்டை வந்தது. வண்டி கிளம்பி, வழக்கம்போல வேகம் குறைந்து, ஊர்ந்தது. எப்படியும் நிற்கப் போகிறது என்று நான் பிரஷ்ஷை உருவினேன்.

இடது கண்தான் முதலில். கை நடுங்காமல், முடி ஒட்டாமல், வேரிலிருந்து நுனிவரை. முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மூச்சு நின்றது. அவ்வளவு பெரிய கண் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது? எதிர் சீட்டில் இருந்தவள் விசிலே அடித்துவிட்டாள்.

அப்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஊர்ந்துகொண்டிருந்தது வேகம் பிடித்தது. கதவோரம் நின்றவள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"அய்யய்யோ, பச்ச வுழுந்துட்ச்சு!"

நாங்கள் பார்த்து ஒருநாளும் விழாத பச்சை. வண்டி நேரத்துக்குப் போகிறதே என்று ரயில்வேயைத் திட்டிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். தண்டவாளம் பிரிந்து சேரும் அந்த இடத்தில் வண்டி ஆடிய ஆட்டத்தில் பிரஷ்ஷைக் கண்ணருகே கொண்டுபோனால் கண்ணே போய்விடும். வண்ணாரப்பேட்டையில் நின்றது, கூட்டம் ஏறி இடித்தது. ராயபுரத்திலும் அதே கதை. அக்கா கைக்கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஒரு கண்ணு முழிச்சிக்கினு கீது. இன்னொண்ணு இன்னும் தூங்கிக்கினு கீதுடி!"

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எங்களுக்கு ஒன்றும் கட்டுப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து, மூச்சு முட்டச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. "அழிச்சுடுடி. வோணாம். ரெண்டும் ஒரே மாரி இருந்தா போதும்" என்றாள். கர்ச்சீப்பை நனைத்துத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். கடலுக்கே பயப்படாத மஸ்காரா என் வாட்டர் பாட்டிலுக்கா பயப்படும்?

பீச் ஸ்டேஷனில் இறங்கியதும் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தோம். பிளாட்பாரத்தில், ஆண்கள் பார்க்க, சீப்பைக்கூட வெளியே எடுக்காதவர்கள் நாங்கள். அன்று வேறு வழியில்லை. மூன்று பேர் துப்பட்டாவை விரித்துச் சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் முகம் ஆடிக்கொண்டே இருந்தது, எனக்குச் சிரிப்பு வேறு அடங்கவில்லை.

துப்பட்டாவை விலக்கிக்கொண்டு ஒரு தலை உள்ளே வந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மஞ்சள் பூசிய முகம், கையில் மல்லிப்பூப் பொட்டலம்.

"இன்னா ஆச்சு? பொண்ணு மயக்கம் போட்டுட்ச்சா? கொஞ்சம் காத்து வுடுங்கம்மா!"

"மயக்கம்லாம் இல்லம்மா. கண்ணுக்கு மை போடுறோம்."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "ஒரு கண்ணுக்குத் தான் போட்டுக் கீற? இன்னொரு கண்ணு இன்னா பாவம் பண்ணிச்சு?"

துப்பட்டா பிடித்தவர்கள் சிரித்த சிரிப்பில் சுவரே ஆடியது. அந்த அம்மா சாவகாசமாக அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகவாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நான் புட்ச்சுக்கறேன், நீ போடு. நீ மொதல்ல இளிக்கறத நிறுத்து" என்று எனக்கும் ஓர் அதட்டல். அவர் பிடித்ததும் முகம் அசையாமல் நின்றது. நான் வேரில் பிரஷ்ஷை வைத்தேன்.

"யாரப் பாக்கறதுக்கு இந்த அலங்காரம்?"

அக்கா கீழே பார்த்தபடி, வாய் திறந்தபடி சொன்னாள். "மாமியார. வரப்போறவங்க."

"மாப்ள பாத்தாச்சா?"

"அவரு பாத்துட்டாரு. அவருக்கு எல்லாம் தெரியும். அவங்க அம்மாவுக்குத் தான்... முப்பதுன்னு சொல்லிக் கீறாரு. எனுக்கு முப்பத்தஞ்சும்மா. அவரவிட நாலு வயசு பெரியவ."

முன்பின் தெரியாதவர்களிடம் அக்கா அப்படிப் பேசி நான் கண்டதில்லை. பயந்துபோயிருந்தாள், பாவம். யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்போல இருந்திருக்கும். முகவாயைப் பிடித்திருந்த விரல்கள் ஒரு கணம் தளர்ந்தன. பிறகு மறுபடி பிடித்துக்கொண்டன. கை வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

"ஏன் இத்தினி வருசம் பண்ணிக்கல?"

"தம்பிங்க படிச்சிக்கினு இருந்தாங்க. அப்பறம் நெனப்பே வரல."

"அந்தம்மா வோணாம்னுட்டா?"

"நாளைக்கும் இதே வண்டில வேலைக்கு வருவேன். வேற இன்னா பண்றது?" என்றாள். அவள் கண்ணில் நீர் கட்டியது.

"தே, அழுவாத! போட்டதெல்லாம் கரஞ்சுடப் போவுது."

"கரையாதும்மா. தண்ணி பட்டாலும் போவாது" என்றேன் நான். அந்த நேரத்திலும் என் சரக்கை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிந்தது. இரண்டு கண்ணும் ஒன்றுபோல விரிந்து, ஈரத்தில் பளபளத்தன. அந்த அம்மா முகவாயை விடவில்லை. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா! இங்க கீறியா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. "அத்தைய பஸ் ஸ்டாண்டுலேந்து இட்டாறதுக்குள்ள எங்க போய்ட்ட?"

துப்பட்டாக்கள் தாமாகவே கீழே இறங்கின. பேப்பர் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார், அவள் முகவாயில் இருந்த தன் அம்மாவின் கையைப் பார்த்தார், அவருக்கு வாய் பிளந்தது பிளந்தபடியே இருந்தது. எனக்கு அந்தப் பிளாட்பாரமே என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

பின்னால் அத்தை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அக்காவை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அளந்தார்.

"இவ தானா பொண்ணு? வயசு இன்னா ஆவுது?"

பேப்பர் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அக்கா உதட்டைத் திறந்தாள். பொய் சொல்லப் போகிறாளா, உண்மையைச் சொல்லப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. அதற்குள் அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்து, மல்லிப்பூவை எடுத்து, அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"முப்பதுன்னு உங்க மருமவப்புள்ள சொன்னான் இல்ல அண்ணி? அவனுக்கு இன்னா தெரியும்?" என்றார், பூவை அக்காவின் பின்னலில் செருகிக்கொண்டே. "நான் இப்பத்தான் அது வாயாலயே கேட்டேன். இருவத்தொம்போது தானாம்."