அண்ணனின் பத்திரப் பெயர்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறி என் அண்ணன் விழுந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கிடந்துவிட்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பினான். தலை திரும்பும், வாய் பேசும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. அம்மா கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் மத்தியானம் ஓடிவந்து அவனைப் பார்ப்பேன். நான் பொறுமைசாலி இல்லை. சோறு ஊட்டும்போதே வைவேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அவனைப் போலவே கிடக்கும் ஒருவரின் மூளைக்குள் சின்னதாக ஏதோ ஒன்றைப் பதித்திருக்கிறார்களாம். கையை அசைக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் போதும், கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி நகருகிறதாம்.

"இன்னொருக்கா வாசி," என்றான். மூன்று தரம் வாசித்தேன்.

"நானும் தெனம் அதத்தானே செய்றேன். கைய தூக்கணும்னு நெனச்சுக்கிட்டே கெடக்கேன். இத எழுதி அவங்களுக்கு ஒரு கடதாசி போடு."

எங்கள் லயத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அதுவும் பண்டாரவளைக் கடையொன்றில், கண்ணாடிக்கு வெளியே நின்று. ஆனாலும் எழுதினேன். யாழ்ப்பாணத்துக்காரரான இங்கிலீஷ் மாஸ்டர் பிழை திருத்தி, விலாசமும் தேடித் தந்தார். "வெளிநாட்டுக் கடிதம். அண்ணன்ர முழுப்பேரையும் வடிவா எழுதும், பிள்ளை," என்றார். பிறப்புப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து அதிலிருந்த நீளப் பெயரை எழுதினேன். அந்தப் பெயரால் அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை. தோட்டத்து ஆள்பதிவான செக்றோலில்கூட வீட்டில் கூப்பிடும் பெயர்தான் இருந்தது.

லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். அம்மா தினமும் அண்ணனின் வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரிப்பாள். இல்லை என்பார்கள்.

பல மாதம் போனது. தினமும் சாயங்காலம் அவன் கேட்பான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், அவன் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். "வந்துச்சா?" என்றான்.

"ஒனக்கெல்லாம் யாருண்ணே பதில் போடுவா? லயத்துல கெடக்குறவன அமெரிக்காக்காரனுக்குத் தெரியவா போகுது?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சொன்ன வாயை இன்றைக்கும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். மரணத்தைப் பதிவதற்காகப் பிறப்புப் பத்திரத்தோடு ஆபீசுக்குப் போனேன். போன வருஷம்தான் வந்து சேர்ந்த கிளாக்கர் ஐயா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பேருக்கு ஒரு கடதாசி கெடக்குதே. தோட்டத்துல இப்படி ஆளே இல்லன்னு எடுத்து வச்சேன்," என்று மேசை லாச்சியைத் திறந்தார்.

முத்திரையிலிருந்த திகதி, நான் அவனை வைததற்கு இரண்டு மாதம் முந்தியது.

அங்கேயே நின்று பிரித்தேன். இப்போதைக்குப் பரீட்சார்த்தமாகச் சிலருக்கு மட்டும்தான் செய்கிறோம், வெளிநாட்டவரைச் சேர்க்க முடியவில்லை, மன்னிக்கவும் என்றிருந்தது. கீழே ஒரு டாக்டர் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தார். கையைத் தூக்க நினைத்துக்கொண்டே கிடப்பதாக அண்ணன் சொன்னதைத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டினாராம். நினைத்தாலே இயங்கும் அப்படியொரு கம்ப்யூட்டர் கிடைத்தால் முதலில் என்ன செய்ய ஆசை என்று உங்கள் அண்ணனிடம் கேட்டு எழுத முடியுமா?

கிளாக்கர் ஐயா படிவத்தை நிரப்ப ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வயது, தொழில், தகப்பன் பெயர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். டாக்டர் கேட்டதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டியும், அதை நான் அவனிடம் கேட்டதே இல்லை.