ஹில்மியின் சித்தி மகன்

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் ரெஃபெத் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிடுவார். எதிர்வீட்டு பெரிஹான் காலை இழுத்து நடப்பாள். கட்டடக் காவலாளி படிகளைத் தாவித் தாவி ஏறுவான். கேட்டுப் பழகாத காலடி என்றால், அது மேல்மாடிக்குப் போகிறதா, தன் வாசலில் நிற்கிறதா என்று தெரியும்வரை மூச்சுகூட விடமாட்டார்.

எஸ்கிஷெஹிர் நகரத்து ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அடர்ந்த மீசை, அளந்த பேச்சு. அவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் ஹில்மி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். இருவரும் இளைஞர்களாக வீடு தேடியபோது, கல்யாணமாகாதவர்களுக்கு வீடு கிடையாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு வீட்டுக்காரரிடம் ஹில்மி, "இவரு என் சித்தி மகன்" என்றார். சொந்தம் என்றதும் சாவி கிடைத்தது. பிறகு ஹில்மி தன் பெயரில் இந்த வீட்டை வாங்கினார். பொய்யும் கூடவே குடிவந்தது.

அக்கம்பக்கம் நம்பியது, ஆனால் முழுதாக இல்லை. தொலைக்காட்சியில் பளபளக்கும் அங்கி போட்டுக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டிப் பாடுகிற பாடகர் வந்தால் தெருவே உருகும். அவரைப் போல ஒருவர் அடுத்த வீட்டுக்கு வரட்டும், தெருவின் முகம் வேறாகிவிடும். காபிக் கடையில் ரெஃபெத் சீட்டாடும்போது யாராவது வாயைக் கிளறுவார்கள்.

"ஏம்ப்பா ரெஃபெத், பொம்பள இல்லாத வீட்டுல திரைச்சீலை அவ்வளவு வெள்ளையா இருக்கே, யாருப்பா துவைக்கிறது?"

"உன் பொண்டாட்டிகிட்ட கேளு. அவதான் தெனமும் ஜன்னல்ல நின்னு பாக்குறா."

கடை சிரிக்கும். ரெஃபெத்தும் சிரிப்பார். கேள்வி கேட்டவன் எதற்காகக் கேட்டான் என்று அன்று முழுக்க மனசுக்குள் புரட்டிக்கொண்டிருப்பார்.

சென்ற கோடையில் ஹில்மிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வந்ததும் ரெஃபெத் கூடத்தில் கட்டிலைப் போட்டு, பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் தன் படுக்கையை வைத்துக்கொண்டார். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, இடுப்புக்கும் குதிகாலுக்கும் தலையணை முட்டுக்கொடுப்பது எல்லாம் நகராட்சித் தாதியிடம் பார்த்துக் கற்றது. சிவாஸ் ஊரில் இருக்கும் ஹில்மியின் அக்கா முஸெய்யெனுக்கு மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னால் வருவாள், வந்தால் அழைத்துப்போவாள். வீடும் ஹில்மியின் பெயரில், ரத்த உறவும் அவள்தான். ரெஃபெத்துக்கு உரிமை சொல்ல ஒரு காகிதமும் இல்லை. மறைத்தது தப்புதான். தெரிந்தே செய்தார்.

பக்ரீத் பண்டிகையன்று ரெஃபெத் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பெரிஹான் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி மணி அடித்தது. எடுத்துப் பேசினாள்.

"சிவாஸ்லருந்து உங்க அக்கா பேசுனாங்க அண்ணே," என்றாள் அவர் திரும்பியதும். "ஒடம்பு முடியலங்கிறதே அவங்களுக்குத் தெரியாதாமே! நான்தான் எல்லாத்தையும் சொன்னேன். கவலப்படாதீங்க, உங்க சித்தி மகன் தங்கமா பாத்துக்கறாருன்னேன். அதக் கேட்டதும் படக்குன்னு போனை வெச்சுட்டாங்க."

ரெஃபெத் அவள் முகத்தைப் பார்த்தார். வெள்ளந்தியாகச் சொல்கிறாளா, வேண்டுமென்றே செய்தாளா? அந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

மறுநாளே முஸெய்யென் பேருந்து ஏறிவிட்டாள் என்று செய்தி வந்தது. ரெஃபெத் தன் அறை என்று சொல்லப்படுகிற சின்ன அறையைத் திறந்தார். அங்கே ஒரு கட்டில், கம்பளி மெத்தை, பூவேலை விரிப்பு. தலையணையைக் கசக்கினார். கட்டிலடியில் பழைய செருப்பை வைத்தார். கண்ணாடி, பாதி குடித்த தண்ணீர், மடிக்காத பைஜாமா என எதையும் விடவில்லை. கதவருகே நின்று புது ஆளைப் போலப் பார்த்தார். ஒரு ஆண் தினமும் தூங்கி எழுகிற அறைதான். திருப்தியாக இருந்தது.

முஸெய்யென் சாயங்காலம் வந்தாள். கனத்த உடம்பு, பூப்போட்ட முக்காடு, மூட்டு வலி. காலணியைக் கழற்றியவள் நேரே தம்பியிடம் போய் நெற்றியைத் தொட்டாள். ஹில்மி இடது கையை மட்டும் தூக்கினார். பிறகு அவள் ரெஃபெத் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்த தங்கச்சியே கெடயாது. நீங்க எந்த சித்திக்குப் பொறந்தீங்க?"

"வீடு கெடைக்கணும்னு சொன்னது அக்கா. நாங்க ராணுவத்துல ஒண்ணா இருந்தவங்க."

அது பொய்யில்லை. எர்ஸுரும் ஊர்க் குளிரில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். ராணுவத் தோழமை என்றால் அந்த நாட்டில் யாரும் மரியாதை தருவார்கள். அவளும் தந்தாள், பாதி.

"அப்ப எனக்கு ஏன் தகவல் சொல்லல?"

"உங்களுக்கு வயசாச்சு, பயந்துருவீங்கன்னு..."

"நான் மூணு பேரப் பொதச்சவ. என்னையப் பயமுறுத்த உங்களால ஆகாது."

வீடு முழுக்கச் சுற்றினாள். அலமாரியைத் திறந்து மூடினாள். சின்ன அறையில் செருப்பையும் பைஜாமாவையும் பார்த்துத் தலையாட்டினாள். தர்ஹானா சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தாள். வந்தவளுக்குத் தன் படுக்கையைத் தராமல் எப்படி? ரெஃபெத் மரியாதையாகச் சொன்னார்: "நீங்க என் கட்டில்ல படுத்துக்கோங்க அக்கா. நான் இவரு பக்கத்துல உக்காந்துக்கறேன்." இத்தனை வருடம் காதைத் தீட்டி வைத்திருந்த மனிதர், அந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டார்.

காலையில் அவர் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது உள்ளே இருமல் கேட்டது. முஸெய்யென் படுத்திருந்த தம்பியின் வாயில் தேநீரைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹில்மியின் முகம் சிவந்து கண் பிதுங்கியது. ரெஃபெத் ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, முதுகைத் தாங்கிக்கொண்டார். இருமி இருமி மூச்சு வழிக்கு வந்தது.

"தண்ணியா எதுவும் எறங்காதுக்கா. தயிர் மாதிரி கெட்டியா இருக்கணும். உக்கார வெச்சுத்தான் குடுக்கணும்."

"இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா?" கரண்டியை வைத்துவிட்டு, "சட்டையத் தூக்குங்க," என்றாள்.

முதுகைப் பார்த்தாள். இடுப்பெலும்பு, குதிகால், காது மடலின் பின்புறம். பல மாதம் படுத்த உடம்பில் எங்கும் ஒரு சிவப்புக்கூட இல்லை. அவளுடைய மாமியார் படுத்தபோது முதுகில் கைமுட்டி போகிற அளவுக்குப் புண். அதைக் கழுவியவள் அவள்தான். சட்டையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

"சமையலறைக்கு வா."

ரெஃபெத் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு வயசுலருந்து நான் மெத்தைக்குக் கம்பளி அடிக்கிறேன்," என்றாள். "சீதனத்துக்கு, மொட்டை மாடியில, குச்சிய வெச்சு. ஆள் படுத்த மெத்த ஒரே வருஷத்துல கட்டி கட்டியாப் போயிரும். பிரிச்சு அலசி அடிச்சாத்தான் எந்திரிக்கும். உன் மெத்த கல்யாணப் பொண்ணு மெத்த மாதிரி உப்பிக்கிட்டு இருக்கு. அதுல எவனும் படுத்ததில்ல."

ரெஃபெத் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வாயத் தொறக்காத. நானும் கேக்க மாட்டேன். கேட்டுட்டா அப்புறம் எனக்குத் தெரிஞ்சதாயிரும். என் பேரனுங்களுக்குப் பொண்ணு பாக்கணும், சிவாஸ்ல நான் தல நிமிந்து நடக்கணும்."

"கூட்டிட்டுப் போகப் போறீங்களா அக்கா?"

"கூட்டிட்டுத்தான் போகணும்னு வந்தேன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எம் மருமக எனக்கே ஒரு டம்ளர் தண்ணி தர மொனகுவா. இவனத் தொட்டுத் துடைப்பாளா? ஒரு மாசத்துல முதுகு அழுகிரும். எனக்கும் முடியாது, பாத்தியே, தேத்தண்ணி குடுக்கப் போய் கொல்லப் பாத்தேன்."

அவர் கண்ணைத் துடைத்தார்.

"அழுவாத, எனக்குப் பிடிக்காது. அந்த மெத்தைய ஈரத் துணியப் போட்டு மிதிச்சு கட்டியாக்கு. வீட்டுக்குள்ள நொழையிற பொம்பளைங்க எல்லாருக்கும் மெத்தையத் தொட்டுப் பாக்கக் கை இருக்கு. இந்த வீட்டுச் சாவி ஒண்ணு எனக்கு வேணும். நெனச்சப்ப வருவேன், சொல்லிட்டு வரமாட்டேன். ஒரு புண்ணு பாத்தேன், அன்னிக்கே வண்டி ஏத்திருவேன்."

சாவியைக் கொடுத்தார். அவள் அதை முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள். கிளம்பும்போது வாசல் கதவை அகலத் திறந்தாள். கட்டடம் முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள்.

"பெரிஹான், கேளும்மா! இவரு எங்களுக்கு சித்தி மகனும் இல்ல, ஒண்ணும் இல்ல. தம்பி கூட ராணுவத்துல இருந்தவரு, பாவம் யாருமில்லாத மனுஷன். எந் தம்பியப் பாத்துக்க இப்ப நான் சம்பளத்துக்கு வெச்சிருக்கேன். சாப்பாடும் தங்க இடமும் குடுத்திருக்கோம். வேலை சரியில்லன்னா எனக்கு ஒரு போன் போடு."

"போடறேன் அக்கா, கண்டிப்பாப் போடறேன்!"

மாடிப்படியில் மூன்று கதவுகள் திறந்து மூடின. ரெஃபெத் கைகட்டி நின்றார். அதைத் தவிர வேறென்ன செய்வது? பை தூக்கித் தர அவர் குனிந்தபோது முஸெய்யென் தாழ்ந்த குரலில், "மூஞ்சிய நல்லா தொங்கப் போடு, நம்புவாளுங்க," என்றாள். அது ஆறுதலா, அதட்டலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் இழுத்து நடக்கும் காலடி வாசலுக்கு வந்தது. பெரிஹான். நேற்றுவரை வாய்க்கு வாய் வந்த 'அண்ணே' இன்று இல்லை.

"ரெஃபெத், அந்தம்மா உனக்கு எவ்வளவு தருது? எங்க மாமியாருக்கும் மதியம் ஒரு கை வேணும். புரட்டிப் போட்டுட்டுப் போயேன், நானும் ஏதாவது குடுக்கறேன்." பேசிக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே கேட்கிறாளா, உள்ளே வர வழி தேடுகிறாளா?

"எங்க முதலாளியம்மாவக் கேட்டுச் சொல்றேன்," என்றார் ரெஃபெத். அவள் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கதவைச் சாத்தினார். ஹில்மியை இடப்பக்கம் திருப்ப வேண்டிய நேரம் ஆகியிருந்தது.