ஆளில்லாத வீட்டுக்கு ஒரு ஸலாம்

ஆமைப்பூட்டைக் கழற்றி இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்கிறாள் ஹுஸ்னியா. பிறகு அப்படியே நிற்கிறாள். உள்ளே இருக்கிற ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாள். உள்ளே யாரும் இல்லை. இருபது வருடமாக யாரும் குடியிருக்காத வீடு அது.

பெயின்ட் பேணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கும் எனக்கு அந்த இடைவெளி பிடிப்பதே இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழையும்போது சொல்லும் ஸலாம் வேறு. "அலைனா" என்று சொல்ல வேண்டும். சாந்தி நம்மீது உண்டாகட்டும் என்று பொருள். "அலைக்கும்" என்றால் உங்கள்மீது. ஓதப் போன காலத்திலேயே எல்லோரும் படித்த பாடம். முதல் நாளே அவளைத் திருத்தினேன்.

"ஆளில்லாத ஊட்டுக்கு அலைனாண்டுதான் செல்லணும், ஹுஸ்னியா."

"ஆளில்லயெண்டு ஆரு டீச்சர் சென்ன?"

சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னாள். அன்று நான் தேத்தண்ணி குடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஹுஸ்னியாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்முனை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் பெயின்ட் கலக்கும் மெஷினில் நிற்கிறாள். அவளுடைய நகங்களைப் பார்த்தால் அன்றைக்கு ஊரில் எந்த நிறம் விலைப்பட்டது என்று தெரிந்துவிடும். எங்கே போனாலும் சுவரை விரல் மொட்டியால் தட்டிப் பார்ப்பாள். மரணம் நடந்த ஒரு மையத்து வீட்டுக்கு வந்து எல்லோரும் யாசீன் ஓதிக்கொண்டிருக்கும்போது, தலைமாட்டுச் சுவரைத் தட்டிவிட்டு என் காதருகில் குனிந்து, "உள்ளுக்குப் பொந்து டீச்சர், பூச்சு கழண்டு நிக்கிது" என்றவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணிக்க வேண்டியதாயிற்று.

கலவை பிழையாகிப்போன பெயின்டை வாங்க வந்தவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போவார்கள். கடைக்காரர் அதை அரைவிலைக்கும் கீழே இவளுக்குக் கொடுப்பார். அப்படித்தான் இந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு நிறம். நிறங்களுக்கு அவளே பெயரும் வைத்திருக்கிறாள். முன்மண்டபம் 'டொக்டர்ர பச்சை'. சமைக்கிற குசினி 'கலியாண மண்டபத்து ரோஸ்'. நடு அறை ஒரு மாதிரியான சாம்பல் நீலம். அது 'அதிபர் கோவிச்ச நீலம்'. நிலத்துக்கு உடைந்த பெட்டிகளில் மிஞ்சிய டைல்ஸ்; நாலு கல் ஒரே மாதிரி சேர்ந்தால் அதிர்ஷ்டம். யன்னல்கள் சொறிக்கல்முனையில் இடித்த ஒரு பழைய வீட்டினுடையவை. திரைச்சீலை மருதமுனையில் நெய்த சாரத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது.

"ஆக்கள் வேணாமெண்டு விட்டதெல்லாம் இஞ்சதான் வந்து சேருது" என்றாள் ஒருநாள், ஏணியில் நின்றபடி. "என்னையும் ஒருத்தன் வேணாமெண்டு விட்டவன்தானே."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். ஹுஸ்னியாவுக்கென்று வாப்பா தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நின்றது. வீடு முடியவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்தார்கள். பிறகு வாப்பா மவுத்தாகிவிட்டார். இருந்த வீட்டைத் தங்கை அப்ராவுக்கு எழுதிக் கல்யாணம் முடித்தார்கள். அந்த வீட்டின் பின்னறையில் ஹுஸ்னியா பத்தொன்பது வருடம் இருந்தாள். போன வருடம் அப்ராவின் மகள் பெரியபிள்ளையானாள். அப்ரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது பின்னறையில் இன்னொரு கட்டில் போட்டிருந்தது. ஹுஸ்னியா கைச்சங்கிலியையும் சீட்டுக் காசையும் போட்டு, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இந்த வீட்டை வாங்கினாள். நோன்புக்கு முன்னர் குடிபோக வேண்டும். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை.

விற்றவர் அக்கரைப்பற்று நூஹு ஹாஜியார். அவருடைய உம்மாவும் தங்கையும் தங்கையின் பிள்ளையும் இருந்த வீடு. மூன்று பேரும் சுனாமியில், கடலடித்த காலையில் போனார்கள். அதற்குமேல் அவர் கதைக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இப்படியான வீடு ஒன்றா இரண்டா.

வீட்டுச் சுவர்களில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. தண்ணீர் நின்ற கோடு. பச்சை அடித்தாள், மூன்றாம் நாள் பச்சைக்கு மேலால் வெள்ளையாகப் பூத்தது. சுரண்டி, பட்டி பூசி, மறுபடி அடித்தாள். மறுபடி அதே உயரத்தில் வந்தது. சுவருக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு ஏறி வந்து காற்றுப் பட்டுக் காய்வதுதான் காரணம். நான் விஞ்ஞான டீச்சர். இதைப் பத்தாந்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்து, அந்தச் சுவரைப் பார்த்துப் பயம் போக ஆயத்துல் குர்ஸி ஓதியவளும் நான்தான்.

கார்த்திகை மழையில் வெளிவேலை நின்றுபோனதால், மேசன் அழகரெத்தினம் நடு அறையின் கதவு நிலையைக் கழுவத் தொடங்கினார். பாண்டிருப்பு ஆள். முப்பது வருடமாக எங்கள் ஊர் வீடுகளில் வேலை செய்து, எங்கள் வழக்கமெல்லாம் எங்களைவிட அவருக்குத் தெரியும். புகையும் தூசும் ஏறிக் கறுத்துக் கிடந்த மரம் சலவைச் சோடாத் தண்ணீரில் வெளிறியது. இடது பக்க நிலையில் குறுக்கும் குறுக்குமாகக் கத்தி வெட்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் ஆணியால் கீறிய வருடம். ஆக அடியில், பிள்ளை எழுத்தில், 'முஸ்பிறா'.

பிள்ளையின் உயரத்தை அளந்திருக்கிறார்கள். 2000, 2001, 2002, 2003. 2004ஆம் ஆண்டு வெட்டு, சுவரில் இருந்த உப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஹுஸ்னியா அந்த ஒரு சாணைக் கையால் அளந்து பார்த்தாள். நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் இரிக்கி டீச்சர்" என்றாள்.

2005. அதற்கு மேலே 2006. அதற்கு மேலே 2007. வீடு பூட்டிக் கிடந்த வருடங்களிலும் அந்தப் பிள்ளை வளர்ந்திருந்தது. முதலில் மூன்று விரல், பிறகு இரண்டு விரல் என்று, பிள்ளைகள் வளர்கிற கணக்கிலேயே வளர்ந்திருந்தது. 2014க்குப் பிறகு வெட்டுகள் ஏறவில்லை. ஒரே இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, மரம் விரல் நுனி போகிற அளவுக்குக் குழிந்திருந்தது. பக்கத்தில் வருடங்கள் மட்டும் வரிசையாக நீண்டு போயின. கடைசி எண் போன வருடத்தினுடையது. பெண் வளர்ந்து முடிந்துவிட்டாள். ஆனாலும் நின்று அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அழகரெத்தினம் சுரண்டியை நிலத்தில் வைத்தார். "தங்கச்சி, மற்றதெல்லாம் நான் செய்து தாறன். இந்த நிலையில மட்டும் கை வைக்க மாட்டன். ஆரும் ஆலிமைக் கூட்டி வந்து ஓதிப் பாருங்க."

மறுநாள் அவர் வேலைக்கு வந்தபோது சட்டைப் பையில் பேய் அண்டாமலிருக்க ஒரு தேசிக்காய் இருந்தது. என் பையிலும் ஒரு சிறிய யாசீன் புத்தகம் இருந்தது.

கதை ஒரே நாளில் ஊரெல்லாம் போய்விட்டது. அப்ராவின் கணவர் நேரே வந்து, "வந்த விலைக்குக் குடுத்துப்போட்டு நம்மட ஊட்டுக்கு வந்திருங்க மச்சி" என்றார். ஹுஸ்னியா உருளைத் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "எந்த அறைக்கு வாற?" என்று கேட்டாள்.

பயம் அவளுக்கும் இருந்தது. தூங்குவதில்லை என்று கண் சொன்னது. குசினிக் கதவுக்கென்று கடையிலிருந்து ஒரு புதிய பூட்டு வாங்கி வைத்திருந்தாள். மழையில் கதவு ஊதிப்போய் நின்றதால், வெயில் வந்து சீவும்வரை அதைப் பொருத்த முடியவில்லை. பழைய பூட்டே கிடந்தது. ஒருநாள் நான் பின்னால் நிற்பது தெரியாமல், அந்த நிலையோடு முதுகை ஒட்டி நின்று, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, திரும்பிப் பார்த்தாள். "என்னவிட நாலு விரல் கட்டை" என்று தனக்குத்தானே சொன்னாள். அவள் குரலில் பயத்தைவிட வேறு ஏதோ கூடுதலாக இருந்தது. புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிவந்த பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

டிசம்பர் இருபத்தாறு வெள்ளிக்கிழமை. கடலடித்த நாள் என்று பள்ளிவாசலில் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதினார்கள். கடை பூட்டு. வழக்கமாகப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்குப் போவோம்; அன்று காலை ஒன்பது மணிக்கே போனோம். ஹுஸ்னியா பூட்டைக் கழற்றினாள். இடது கைக்கு மாற்றினாள். முழங்கையால் தள்ளினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

நின்றாள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

என் கையிலிருந்த பேணி விழுந்தது. மூடி கழன்று 'அதிபர் கோவிச்ச நீலம்' வாசற்படியெல்லாம் ஓடியது. ஹுஸ்னியா செருப்பைக் கழற்றினாள். முன்னதாகக் கழற்றியதை வலப்பக்கம் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் வைத்து, உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

நடு அறை நிலையருகே அறுபது வயது தாண்டிய ஒருவர் நின்றார். வெள்ளைத் தொப்பி. நனைந்த சாரம். வலது கையில் பேனாக்கத்தி. எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார்.

"பயப்படாதிங்க மகள். நான் பக்கீர் முகைதீன். இந்த ஊட்டுல இருந்தவன். முஸ்பிறாட வாப்பா."

கடலடித்த அன்று காலை நிந்தவூரில் நெல் ஏற்றப் போயிருந்தாராம். உறுதிப் பத்திரம் மாமியாரின் பெயரில் இருந்ததால் வீடு மச்சான் நூஹுவுக்குப் போனது. வந்து சேர்ந்த மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் கேட்க ஒன்றுமில்லை. பிறகு சம்மாந்துறையில் மறுமணம் முடித்து அந்த மனைவியின் வீட்டுக்குப் போனார். குசினிக் கதவுப் பூட்டைத் திறக்கும் திறப்பு மட்டும் அவரிடம் இருந்தது. வருடத்தில் இந்த ஒருநாள் வருவார்.

"வித்தது தெரியா மகள். மச்சான் செல்லல்ல. கதவத் துறந்தா ரோஸ் பெயின்ட். பொறகுதான் வெளங்கிச்சி."

"எப்பிடி அளந்தீங்க?" என்று கேட்டாள் ஹுஸ்னியா. கடையில் கலவை பிழையாகிப்போன வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரல்.

"அளக்கல்ல. இஞ்ச நிண்டு கைய இப்பிடித் தூக்குவன்." கத்தியை மற்றக் கைக்கு மாற்றி, வெறும் கையை, கீழே கவிழ்த்தபடி, காற்றில் மெல்ல உயர்த்தினார். "அது போய் ஒரு இடத்துல தட்டும். தட்டின இடத்துல வெட்டுவன். முதல்ல வருசா வருசம் ஏறிச்சி. இப்ப ஒரே இடத்துலதான் தட்டுது."

அந்தக் கை குழிந்த வெட்டுக்கு நேரே நின்றுபோயிருந்தது. அவர் நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே நேரம் அந்தக் கைக்குக் கீழே பார்க்கவும் பயமாக இருந்தது.

அவர் சாரத்து மடிப்பிலிருந்து திறப்பை எடுத்து யன்னல் கட்டில் வைத்தார். "இனி வர மாட்டன். ஊடு உங்கட. நிலைக்கி பட்டி அடைச்சி, பெயின்ட அடிச்சிருங்க. நல்லா அடைபடும்."

ஹுஸ்னியா சுவரை ஒருமுறை தட்டினாள்.

"இந்த வருசத்த வெட்டிட்டீங்களா?"

"இல்ல. நீங்க வந்துட்டீங்க."

"அப்ப வெட்டுங்க. நாங்க குசினிக்குள்ள நிக்கிறம்." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள், வாசலில் திரும்பினாள். "வாற வருசமும் வாங்க மாமா. முன்வாசலால வாங்க. பகல்ல வாங்க. டீச்சரும் இருப்பா."

குசினியில் நின்று கேட்டோம். மரத்தில் கத்தி விழுகிற சத்தம் ஒருமுறை வந்தது. பிறகு ஆணி கீறுகிற சத்தம் கொஞ்ச நேரம்.

நோன்புக்கு ஆறு நாள் இருக்க ஹுஸ்னியா குடிபோனாள். குசினிக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று. உப்புக் கோடு இப்போதும் பூக்கிறது. அவள் சுரண்டுவதை விட்டுவிட்டாள். ஐந்து நிறச் சுவர்களுக்கு நடுவே அந்த ஒரு நிலை மட்டும் பெயின்ட் இல்லாமல், வெறும் மரமாக நிற்கிறது. பெண்களெல்லாம் நடு அறையில் இருந்து யாசீன் ஓதினோம். அப்ரா மகளோடு வந்திருந்தாள். அழகரெத்தினமும் வந்து முன்மண்டபத்தில், தான் பதித்த டைல்ஸைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினியிலிருந்து ஹுஸ்னியா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். பன்னிரண்டு கோப்பை, ஆவி பறந்தது. நடு அறை வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவு அகலம். நிலையருகே வந்ததும் அவள் ஒருக்களித்தாள். வெட்டுகள் இருந்த இடது பக்கத்தை விட்டுவிட்டு, தட்டை இரண்டு கையாலும், மேல் வெட்டுக்கும் மேலே இரண்டு விரல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் மெதுவாகக் கடந்து உள்ளே வந்தாள்.