ஆடு தின்ற மூடாக்கு

"பெர்மாகல்ச்சர் இயற்கை வேளாண் மாதிரித் தோட்டம். நடத்துபவர்: மோன்ஜியா, வயது ஐம்பத்து நான்கு. உறுதியான தலைவி. மண்ணைக் குறித்து ஊராரின் மனத்தை மாற்றியவர்."

விவசாயச் சங்கத்தார் தோட்டத்து வாசலில் நட்டிருக்கும் பலகை இப்படிச் சொல்கிறது. மோன்ஜியா இதுவரை மாற்றிய ஒரே மனம் அவளுடையதுதான்; அதையும் தினம் நாலு முறை மாற்றுவாள். பேஜா நகரத்துக்குப் போகும் பேருந்தில் யாராவது அவள் இருக்கையைச் சற்று உற்றுப் பார்த்தால் போதும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள்.

தோட்டம் சரிவில் இருக்கிறது. மழைக்கு மழை மேல்மண் இறங்கிச் சாலைக்குப் போய்விடும். இரண்டு வருடமாக மிளகாய்ச் செடி முழங்காலைத் தாண்டவில்லை. அவளோ மிளகாயை உலர்த்தி, ஹரிஸா என்னும் காரவிழுதாக அரைத்து விற்றுப் பிழைப்பவள். இதற்கு வைத்தியமாகத்தான் சங்கத்து இன்ஜினியர் விதாத் சிவப்புக் குளோவர் என்ற தீவனப்பயிரின் விதை கொடுத்தாள்.

"பாதிப் பூ சிவந்ததும் அறுத்து, அறுத்த எடத்துலயே பரப்பிடுங்கம்மா. அதுதான் மூடாக்கு, மண்ணுக்குப் போர்வை. ஒரு கைப்பிடி வெளிய போகக் கூடாது."

மோன்ஜியா தலையாட்டினாள். அவள் எல்லாருக்கும் தலையாட்டுவாள்.

அந்தக் குளிர்காலம் மழை பொய்த்தது. மலை முழுக்கப் பழுப்பு. கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றியதால் அவள் சரிவு மட்டும் பச்சை. ஏப்ரலில் அது கூம்புகூம்பாகச் சிவந்தது. தியாகப் பெருநாளுக்கு ஆறு வாரம் இருந்தது. வீட்டுக்கு வீடு ஓர் ஆடு, விலா எண்ணக் கொடுத்தபடி நின்றது.

அவள் முதல் வரிசையை அறுத்துப் பரப்பும்போது பக்கத்து வீட்டு லஸ்ஹர் வேலியோரம் வந்து நின்றான்.

"என்னக்கா பண்றே?"

"அறுத்துப் போடறேன்."

"எந்த ஆட்டுக்கு?"

"மண்ணுக்குப்பா."

"மண்ணுக்கா? அதுக்குப் பல்லு மொளைச்சிருக்கா? தெருவுல ரொட்டித் துண்டு கெடந்தா எடுத்து முத்தம் கொடுத்து மதில் மேல வைக்கிறவ நீ. வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்குது, நீ தீனியக் கீழ போட்டு அழுக விடறே. பாவமில்லையாக்கா?"

பதில் அவளுக்குத் தெரியும். விதாத் மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் அன்று காலையில்தான் கிணற்றடியில் கிடந்த ஒரு ரொட்டித் துண்டை முத்தமிட்டு மதிலில் வைத்திருந்தாள். அந்தத் துண்டு இன்னும் அங்கேயே, இருவர் கண்ணிலும் படும்படி இருந்தது.

"ஒரு கட்டு மட்டும் எடுத்துக்கோ."

எங்கள் ஊரில் ஒரு கட்டு என்பது அளவு அல்ல, அழைப்பு. மறுநாள் பெண்கள் அரிவாளும் சாக்குமாக வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் மேட்டு வீட்டு ஸல்ஹா.

"லஸ்ஹர் ஆடுதான் ஆடா அக்கா? எங்களுது என்ன, பூனையா?"

"மண்ணு போயிடும்டி..."

"எங்க போயிடும்? சாலை வரைக்கும்தானே! கூப்பிட்டா வந்துடும்."

சிரிப்பு அடங்கக் காத்திருந்து, தன் வாழ்நாளின் மிகக் கடுமையான ஆணையை மோன்ஜியா பிறப்பித்தாள்.

"வேரையாவது புடுங்காதீங்கடி."

"ஆடு வேர் தின்னாது. நீயே வச்சுக்கோ, ராசாத்தி!"

மாலைக்குள் சரிவு மொட்டையாகிவிட்டது. அவளே தேநீர் கொதிக்கவைத்துப் புதினா போட்டுக் கொடுத்தாள். கைகூப்பாத குறையாக எல்லாரும் வாழ்த்தினார்கள். அத்தனை வாழ்த்து அவள் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை.

பத்தாம் நாள் மழை வந்தது. அரை மணி நேரம்தான், ஆனால் ஆறு மாதக் கோபம் அதில் இருந்தது. வேர்கள் பிடித்தவரை பிடித்தன. மீதி மண் இறங்கிச் சாலையில் படுத்தது. மோன்ஜியா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லஸ்ஹர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அந்தச் சேற்றின் மேலேயே நடந்து வந்தான்.

"அல்லா கண்ணத் தொறந்துட்டான் அக்கா!"

"ஆமாப்பா," என்றாள். ஆடு நன்றாகத் தேறியிருந்தது.

பலகை அசையவில்லை, அதைச் சிமெண்டில் நட்டிருந்தார்கள்.

மோன்ஜியா செய்தது இவ்வளவுதான்: குளோவர் போனபோது சாக்குகளின் வாயை விரித்துப் பிடித்துக்கொடுத்தாள். மழை விட்ட பிறகு, சாலையில் கிடந்த மண்ணை இரண்டு நாள் வாளியில் அள்ளி மேலே சுமந்தாள்.