மின்விசிறியை நிறுத்தியவள்

கண் தானத்தைப் பற்றி நான் நன்றாகப் பேசுவேன். திருமயம், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் பள்ளி விழா, கல்லூரி முகாம் என்று எங்கே மைக் கிடைத்தாலும் பேசியிருக்கிறேன். வாத்தியாருக்குத் தொண்டைக்குப் பஞ்சமில்லை. கேட்பவர்களைக் கண்கலங்க வைக்க ஒரு குட்டிக் கதையும் கைவசம் உண்டு. அது நடந்ததா என்று எனக்கே தெரியாது. கதை முடிந்ததும் செய்முறைக்கு வருவேன். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்த வேண்டும், காற்று பட்டால் விழி காய்ந்துவிடும். இதையெல்லாம் வீட்டில் மனைவியை எதிரே வைத்துக்கொண்டுதான் ஒத்திகை பார்ப்பேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

அப்பாவையும் ஒரு கூட்டத்தில் மேடையேற்றி, உறுதிமொழிப் படிவத்தில் முதல் கையெழுத்துப் போட வைத்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அவர் ஒரு சித்திரை மாதம், காலை பதினொரு மணிக்கு இறந்தார். கூடத்தில் கிடத்தினோம். கண்ணாடிப் பெட்டி சாயங்காலம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பந்தல் போட்டார்கள், ஜனம் வரத் தொடங்கியது. நான் வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எந்தப் படம் என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கிற படமா, திருநீறு பூசிய படமா என்று வெகு நேரம் யோசித்தேன்.

அப்போது மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "மணி பன்னெண்டரை ஆச்சுங்க. கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவமா?"

"கொஞ்சம் பொறு. பெரியப்பா என்ன சொல்லுவாகளோ. பங்காளிக எல்லாம் வந்துறட்டும்" என்றேன்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். எண்பதைத் தாண்டியவர், கோபக்காரர். பிணத்தில் கத்தி வைப்பதா என்று கத்துவார் என நினைத்தேன். அவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் மின்விசிறி நின்றிருந்தது. அப்பாவின் கண்மேல் ஈரப் பஞ்சு இருந்தது. சித்திரை வெக்கையில், சுற்றி முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, மின்விசிறி நின்றால் சும்மா இருப்பார்களா? யாரோ எழுந்து போட்டார்கள். மனைவி போய் நிறுத்தினாள். மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் நிறுத்திவிட்டு, இந்தத் தடவை சுவிட்ச் பலகையை மறைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மாமனார் போனதுல இவளுக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்றாள் என் அத்தை. "உசுரோட இருக்கையில ஊத்துன கஞ்சிக்குத்தான் கணக்குப் பாத்தா, இப்பக் காத்துக்குக்கூடவா கணக்குப் பாக்குறா?" என்றாள் இன்னொருத்தி. கடைசி மூன்று வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியவள் என் மனைவிதான். அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நூறு மேடையில் சொன்ன வாக்கியம்தான். நான் செருப்பு மாட்டிக்கொண்டு பந்தல்காரரிடம் நாற்காலி போதுமா என்று கேட்கப் போனேன். இதை எழுதும்போது கூட வெட்கமாக இருக்கிறது.

மணி இரண்டரை இருக்கும், நான் மறுபடியும் வாசலுக்கு வந்திருந்தேன். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியப்பா வியர்வையைத் துடைத்துவிட்டு அவளைக் கேட்டார்: "ஏன்த்தா, இம்புட்டு ஏச்சு வாங்கிக்கிட்டும் சுவிட்சுக்கிட்டயே நிக்கிற? என்ன விசயம்?"

"காத்துப் பட்டா கண்ணு காஞ்சுபோயிரும், பெரிய மாமா. மாமா கண்ணக் குடுக்குறதா எழுதிக் குடுத்திருக்காக. ரெண்டு பேருக்குப் பார்வ வரும். அஞ்சு மணிக்குள்ள எடுக்கணும்."

பெரியப்பா குனிந்து தம்பியின் கண்மேல் இருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்துட்டானா? அப்பறம் என்னத்துக்கு நேரத்தக் கடத்துறீக? போனப் போடு."

"அவுகதான் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றேன். மேடைக் குரல் தானாக வந்தது.

புதுக்கோட்டையிலிருந்து வேன் நாலு மணிக்கு வந்தது. நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அப்பா முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. எடுத்துக்காட்டாக வாழும் ஆசிரியர் என்று யாரோ என் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மறுக்கவில்லை.

சால்வையோடு வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவளிடம் கேட்டேன்: "அன்னைக்கு அத்தன பேரு ஏசுனாகளே, ஒனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். சால்வையை வாங்கி மடித்தபடியே தொடர்ந்தாள்: "ஆனா இத்தன வருசமா நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே இருந்தேன்ல. நெசமாத்தான் சொல்றீகன்னு நெனச்சுட்டேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.