கண்ணாடிக்குள் இருந்த அம்மனும் ஒரு முழப் பாவாடையும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்து கோணல்மாணலாக வரும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதில் நான் என் மாமியாரிடம் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. சாமி காரியத்தில் சொன்ன பொய். அவர்கள் இருந்தவரைக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இனியும் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு தறி. வீட்டுக்காரர் பட்டுப் புடவை நெய்வார், நான் நூல் சுற்றிக் கொடுப்பேன். பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. அதற்கு முந்தின வருஷம் சின்னவனுக்கு டைபாய்டு வந்து பிழைப்பானா மாட்டானா என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். அதில் மயிலாப்பூர் அம்மன் படம். நான் மயிலாப்பூரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அன்றைக்கு என் கண்ணில் பட்டது அவள்தான். "புள்ளைய குடுத்துடு தாயே, உனக்குப் பட்டுப் பாவாடை சாத்தறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டாள்.

சாமிக்கு நேர்ந்ததை மிச்ச நூலில் நெய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றி, அதன் முதல் முழத்தில்தான் நெய்யணும். அப்படியே வீட்டுக்காரர் குளித்து, விபூதி பூசி, அரக்குச் சிவப்பில் ஒரு முழம் நெய்தார். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் ஒரு அமாவாசையன்று பட்டணம் புறப்பட்டோம். பாவாடையைச் சாத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஊரையும் காட்டிவிட்டு வரலாம் என்று.

"மொதல்ல கோயிலு, அப்புறம்தான் மத்தது" என்று மாமியார் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வழியில் பஸ் பஞ்சர். பாரிமுனையில் இறங்கும்போதே பதினொன்றரை ஆகிவிட்டது. கோயில் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

"அப்ப செத்த காலேஜ் பாத்துட்டு வந்துடலாம்" என்றார் வீட்டுக்காரர். மியூசியத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அங்கே போன பிறகு என் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லி மாளவில்லை. எனக்கே நூறு கேள்வி இருந்தது. ஒரு மீனின் எலும்புக்கூடு, கூடம் நீளத்துக்குத் தொங்குகிறது. சின்னவன் அதன் வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "நைனா, இது இன்னா துன்னும்?" என்றான்.

"உன்ன மாதிரி கேள்வி கேக்கற பசங்கள."

"பொய்யி. இதுக்குத்தான் வயிறே இல்லையே."

வீட்டுக்காரர் அந்த எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள ரெண்டு தறி போடலாம்மே" என்றார். அவர் நிஜமாகவே கண்ணால் அளந்து பார்த்துத்தான் சொன்னார்.

அதற்கப்புறம் சாமி சிலைகள் இருக்கிற கட்டடம். வாசலிலேயே நாங்கள் நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். விட இடம் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். விளக்கு வெளிச்சம், கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு சாமி. பெரியவள் ஒரு பெட்டி முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே அம்மன். என் முழங்கை உயரம் இருக்கும்.

"அம்மா, இந்த அம்மனுக்கு ஏம்மா புடவை கட்டல?"

எனக்குத் திக்கென்றது. கோயிலில் அம்மனுக்குப் புடவை மாற்றும்போது திரை போட்டுவிடுவார்கள். பட்டில்லாத அம்மனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. திரும்பினால் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார்.

"ஏங்க, இன்னா இப்டி நிக்கிறீங்க?"

"நீ புள்ளைங்கள இட்டுக்கினு மொதல்ல வெளிய போ."

"நீங்க?"

"நான் கண்ண மூடிக்கினு வரேன்."

அங்கே காக்கிச் சட்டையில் ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செருப்ப போட்டுக்குங்கம்மா. இது கோயில் இல்ல."

"சாமி இருக்குதேங்க."

"சாமி இருக்குது. பூஜை இல்ல. மண்ணுல பொதைஞ்சி கெடந்ததுங்க, தோண்டி எடுத்தாங்க. ஐயா, தைரியமா பாருங்க, செம்புலயே துணி கட்டித்தான் செஞ்சிருக்காங்க."

துணி என்று காதில் விழுந்ததும் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். பெட்டி அருகில் போனார். அம்மனின் இடுப்பிலிருந்து பாதம் வரை, செம்பில் மடிப்பு மடிப்பாக இருந்தது. மடிப்புக்கு மடிப்பு நடுவில் சின்னச் சின்னப் பூக்கள். மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி குனிந்து, "ஒரு பூ, ஒரு கோடு, திரும்ப ஒரு பூ... இந்த ஓரத்த நான் நெய்ஞ்சதே இல்லம்மே. யாரு நெய்ஞ்சத பாத்து செஞ்சானோ" என்றார். கொஞ்ச நேரம் முன்னால் கண்ணை மூடியவரா இவர் என்று இருந்தது எனக்கு.

பெரியவளுக்கு அதெல்லாம் சமாதானம் ஆகவில்லை. "செம்பு குளிருமே" என்றாள். என் பையில் கையை விட்டுப் பாவாடையை எடுத்துவிட்டாள். "இத இவங்களுக்குக் குடுத்துடலாம்மா. மயிலாப்பூர் அம்மன்கிட்ட நெறைய இருக்கும்ல?"

"கம்னு இரு. அது நேந்தது."

ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. ஒரு நிமிஷம் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பாவாடையைப் பெட்டி முன்னால் தரையில் விரித்தேன். கும்பிட்டேன். கும்பிட்ட கை சும்மா இருக்கிறதா? இத்தனை வருஷப் பழக்கம். பையிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, பாவாடையின் நாலு மூலையிலும் வைத்து, மிச்சத்தை நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

"இன்னாமே பண்ணிட்ட!" என்றார் வீட்டுக்காரர். "படைச்சிட்டியே! ஒரு சாமிக்குப் படைச்சத எடுத்துக்கினு போயி இன்னொரு சாமிக்கு எப்டி சாத்துவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காவலாளி எழுந்து வந்தார். "இங்க எதையும் விட்டுட்டுப் போவக் கூடாதும்மா" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு அஞ்சு நிமிஷம் வச்சி கும்பிட்டுக்குங்க. நான் அந்தாண்ட போயிட்டு வரேன்" என்று நகர்ந்தார். அவர் வந்ததும் பாவாடையை மடித்து எடுத்துக்கொண்டோம்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பெரியவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "நைனா, அது சாமியா, பொம்மையா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பொம்மை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படைத்தது படைத்ததாகாது. நேரே மயிலாப்பூர் போய் வேண்டுதலை முடித்துவிடலாம். பிள்ளைக்காக நேர்ந்தது, அதைத் தள்ளிப்போட எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

"துன்னுட்டு பேசு" என்றார்.

சாயங்காலம் வரைக்கும் பீச்சில் இருந்தோம். பிள்ளைகள் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறார்கள். "இதுக்கு அந்தாண்ட யாரு வூடும்மா?" என்று சின்னவன் கேட்டது ஞாபகம் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. என் மனசெல்லாம் பைக்குள் இருந்தது.

மயிலாப்பூர் கோயிலில் நல்ல கூட்டம். காலண்டரில் பார்த்த அதே முகம், நிஜத்தில், விளக்கு வெளிச்சத்தில். அழுதுவிட்டேன். குருக்கள் சின்னப் பையன்தான், என் தம்பி வயசு இருக்கும். தட்டுக்காகக் கை நீட்டினார். மனசு கேட்காமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மியூசியத்துலயா?" என்றார். "பூஜையில இல்லாத விக்ரகம்தானே? அதனால ஒண்ணும் தோஷமில்லை. குடுங்கோ, சாத்திடறேன்."

இதைவிட என்ன வேண்டும்? நீட்டினால் முடிந்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஜல்தியா நவுரும்மா, நாங்களும் பாக்கணும்ல" என்கிறாள். கையில் பாவாடை. குங்குமம் நாலு மூலையிலும் அப்படியே இருந்தது. நானே வைத்த குங்குமம். கண்ணாடிக்குள் இருந்தவளைச் சாமி என்று நினைத்துத்தானே வைத்தேன்? இங்கே நீட்டினால் அவளைப் பொம்மை என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

"இல்லீங்க சாமி. புதுசா நெய்ஞ்சி எடுத்துக்கினு வரேன்" என்றேன். அம்மனிடமும் அதையே சொன்னேன். குருக்கள் குங்குமத்தை என் கையில் போட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் திட்டுவார் என்று நினைத்தேன். "சரி விடு. இந்தப் பாவு முடியட்டும்" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "பாவாடைய சாத்திட்டியா?" என்பதுதான். "ஆச்சு அத்தை" என்றேன். சொன்ன வாய் அன்றைக்கே கசந்தது. உண்மையைச் சொன்னால், நேர்ந்ததைக் காட்சிக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தவள் என்று ஆகிவிடுமே என்ற பயம். சின்னவனுக்கு ஏதாவது வந்தால் என்னால்தான் வந்தது என்று ஆகிவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிசு.

தறியிலிருந்த பாவு முடிய ஐம்பது நாளுக்குப் பக்கம் ஆனது. அந்த ஐம்பது நாளும் சின்னவன் தும்மினால் எனக்குத் தூக்கிப் போடும். நடுவில் காய்ச்சலும் வந்தது. இரண்டு நாள் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தானாக விட்டது. டாக்டர் வெறும் சளி என்றார். புதுப் பாவு ஏற்றி, முதல் முழம் நெய்து, அடுத்த அமாவாசையில் வீட்டுக்காரரும் நானும் மட்டும் போய்ச் சாத்திவிட்டு வந்தோம். மாமியாரிடம், எங்கள் புடவையை வாங்குகிற கடைக்காரரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னோம். அது இரண்டாவது பொய்.

முதல் பாவாடை கண்ணாடிக்குள் இருக்கிறவளுடையது. அதை இதுவரை வேறு எதற்கும் எடுக்கவில்லை. இரண்டு, மூன்று தடவை பட்டணம் போனபோது எடுத்துப்போய், அவள் முன்னால் கொஞ்ச நேரம் கையில் ஏந்தி நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அவள் சாமியா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு என் கை அப்படித்தான் நினைத்தது.

போன வருஷம் இதை என் ஓரகத்தியிடம் மட்டும் சொன்னேன். ஆறு மாசம் கழித்து, செய்யாரில் ஒரு கல்யாணத்தில் யாரோ எனக்கே இந்தக் கதையைச் சொல்கிறார்கள்: ஆரணியில் ஒருத்தி பாவாடை வைத்தாளாம், கண்ணாடிக்குள் அம்மன் கண்ணீர் விட்டாளாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மன் அழவில்லை, சிரிக்கவில்லை, கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. ஒரு குழந்தை கேட்டது, ஒரு தாய் கை தவறிக் குங்குமம் வைத்தாள், பிறகு வைத்ததை இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷம். என் பொய்யையும் சேர்த்துச் சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள்.