மிச்ச மருந்து

"நாலு வருசமாச் சொல்றேன், டேங்க்ல மிச்சம் வைக்காதீக, மிச்சம் வைக்காதீகன்னு. ஒரு காதாவது கேக்குதா?"

ரேணுகாதேவி மதினி இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். அருப்புக்கோட்டையில் தாவரவியல் படித்துவிட்டு, பந்தல்குடிக்குத் தெற்கே மூன்று ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் எங்கள் அண்ணன் தங்கபாண்டிக்கு வாக்கப்பட்டவர். படிப்பு வீணாகிவிட்டதே என்று யாராவது பரிதாபப்பட்டால் அவர்களுக்கும் திட்டு விழும்.

எங்கள் தெருவுக்கு மருந்தடிக்கும் டேங்க் ஒன்றுதான். வீடு வீடாகப் போகும். மிஞ்சியதை யாரும் கீழே ஊற்றுவதில்லை. தண்ணீரே தலையில் சுமந்து வந்தது. அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதைப் பெரிய மனசு என்று நினைப்பார்கள். இந்த ஐப்பசியில் பங்காளி வீரபாண்டி தன் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு, கால் டேங்க் மிச்சத்தோடு கொடுத்தான். அண்ணன் அதிலேயே பூச்சிமருந்தைக் கலந்து பருத்திக்கு அடித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் இலையெல்லாம் வெளுத்து, ஓரம் கருகியது. மருந்துக்கடைக்காரர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"சத்துக் கொறைவும்மா. டானிக் அடிங்க, எட்டே நாள்ல பளபளன்னு ஆயிரும்."

அண்ணன் பாட்டிலுக்குக் கை நீட்டினார். மதினி அந்தக் கையைத் தட்டிவிட்டார். எட்டு நாளில் மண்ணின் ஈரம் போய்விடும். தேறாத பருத்தியை இப்போதே உழுது அழித்தால் பாசிப்பயறாவது முளைக்கும். டிராக்டர் வைத்திருப்பவன் வீரபாண்டி. அவனோ தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"களைக்கொல்லி களையத்தான மதினி கொல்லும்? என் சோளம் ஜம்முன்னு நிக்குதே."

"களை எது, பயிரு எதுன்னு மருந்துகிட்ட லிஸ்ட்டு குடுத்துவிட்டீகளா? இலைக்குள்ள மெல்லிசு மெல்லிசாச் சவ்வு அடுக்கியிருக்கு. லாரித் தண்ணியக் கொடம் கொடமா நாம வரிசையில நின்னு கைமாத்துறோம்ல, அது கணக்கா அந்தச் சவ்வுல புரதங்க நின்னு, வெயில்ல கெடைச்ச சக்திய ஒண்ணுகிட்ட ஒண்ணு குடுக்கும். ஒங்க மருந்து அதுல ஒரு புரதத்துல போயி உக்காந்து வழிய மறிச்சிருச்சு. வெயிலு நிக்குமா? வந்துக்கிட்டே இருக்கும். போக எடமில்லாம சவ்வையே எரிச்சிரும். சோளத்துக்கு அந்த மருந்தச் செதைக்கத் தெரியும். பருத்திக்குத் தெரியாது."

"நெசமாவா?" என்றார் அண்ணன், மெதுவாக.

"நீங்க பேசாதீக. மூடியத் தொறந்து மோந்து பாக்கக்கூட மூக்கு இல்ல ஒங்களுக்கு."

இரண்டு நாளில் பாதிப் பருத்திக்காடு தீய்ந்தது. ஊர் பேசத் தொடங்கியதும் வீரபாண்டி டிராக்டரோடு வந்தான். வந்தவன் வரப்போரம் வண்டியை நிறுத்தி, இறங்காமலே எட்டிப் பார்த்தான்.

"குருத்து இன்னும் பச்சையாத்தான இருக்கு. அந்தப் புரதம் எங்க நிக்கிதுன்னு ஒரு தடவ காட்டுங்க மதினி, ஒத்துக்கிடுறேன்."

மதினி டிராக்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"கொழுந்தனாரே, ஒங்க கண்ணுக்குத் தெரியலைன்னா அது இல்லாமப் போயிருமா? ஒங்களுக்குப் பாடம் நடத்தி முடிக்கிற வரைக்கும் இந்த ஈரம் காத்துக்கிட்டுக் கெடக்காது. நீங்க ஒத்துக்கிடவும் வேணாம், மன்னிப்புக் கேக்கவும் வேணாம், கலப்பைய எறக்குங்க."